யாரும் தொடாத பட்டன்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் சுரங்கக் காவல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் நேசமணி. கம்ப்யூட்டர் டீச்சர் ராதிகா மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்து, "குந்தும்மா. இன்னா ஆச்சு, நிதானமா சொல்லு" என்றார்.

பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர் கொடுத்த பெங்களூர் ஆட்கள் அன்று காலை பார்வையிட வந்திருந்தார்கள். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி: தலைமையாசிரியை லூயிசா திருடி. கீழே ஏழாம் வகுப்பு புஷ்பவல்லியின் பெயர். வந்தவர்கள் முகம் சுளித்துப் போனார்கள். சாயங்காலம் புஷ்பவல்லிக்கு டி.சி. கொடுத்துவிடுவார்கள். சுரங்கம் மூடி அப்பனுக்கு வேலை போன வீடு. வேறு பள்ளியில் சேர்க்க வழியில்லை. அந்தப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்ததே நான்தானே என்று ராதிகாவின் மனம் அரித்தது.

நேசமணி அவளோடு பள்ளிக்குப் போனபோது திரையில் அந்த வரி அப்படியே இருந்தது. அறையைத் திறந்துவிட்ட ஆபீஸ் டைப்பிஸ்ட் சின்னசாமி, இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி அலுத்துக்கொண்டே வாசலில் நின்றார். லூயிசாவும் வந்தார். நேசமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எல்லாம் பெரிய எழுத்து. வரியின் முதல் எழுத்தும் இரண்டு பெயர்களின் முதல் எழுத்தும் மட்டும் சின்னது.

புஷ்பவல்லியை வரவழைத்துப் பெயர் அடிக்கச் சொன்னார். அழுது சிவந்த கண்ணோடு, கேப்ஸ் லாக் போட்டு, ஒரே விரலால் தேடித் தேடி அடித்தாள். எல்லாமே பெரிய எழுத்து.

"ஷிப்ட் பட்டன ஏன் தொடல?"

"அத்தத் தொட்டா எங்க ஷிப்ட் முடிஞ்சிடும் சார். அடுத்த ஷிப்ட் வந்துடும்."

ராதிகாவுக்குச் சுருக்கென்றது. வகுப்பை முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் என்று பிரித்தவள் அவள்தான். அந்தப் பட்டன் எதற்கென்று சொல்லவே இல்லை. சுரங்கத்து வீட்டுப் பிள்ளைகள் தமக்குத் தெரிந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டுவிட்டன.

நேசமணி வாசல் பக்கம் திரும்பினார். "கேப்ஸ் லாக் போட்டிருக்கறப்ப ஷிப்ட்ட அழுத்துனா சின்ன எழுத்துதான் வரும். புள்ளங்க போட்டு வெச்சிட்டுப் போனத நீங்க கவனிக்கல சின்னசாமி. டைப்ரைட்டர் பழகுன கை, வரி ஆரம்பிச்சாலும் பேரு வந்தாலும் தானா ஷிப்ட்டுக்குப் போகும். டீச்சரா இருந்தா திரையப் பாத்துத் திருத்தியிருப்பாங்க. உங்க கண்ணு வாசல்ல இருந்துச்சி."

சின்னசாமி சுவரில் சாய்ந்துவிட்டார். "மைன் மூடிப் போயி எங்க அண்ணன் ஊட்ல குந்தினுகீறாரு. இந்தப் பொட்டிங்க திரும்பிப் போனா என் வேலையாவது நெலைக்கும்னு பாத்தேன். இவ எதுத்துப் பேசாத பொண்ணு, அதான் இவ பேரு."

ராதிகாவுக்கு அவரை அறையவும் தோன்றியது, பாவமாகவும் இருந்தது. லூயிசா டி.சி.யைக் கிழித்துப் போட்டார்.

"இப்ப அழுத்திப் பாரு, ஒன்னும் முடியாது" என்று ராதிகா புஷ்பவல்லியின் விரலைப் பிடித்து ஷிப்ட் மேல் வைத்தாள். அழுத்தினாள். திரை அப்படியே இருந்தது. புஷ்பவல்லி தானே இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"அப்ப எங்க நைனா ஷிப்ட் எப்படி டீச்சர் முடிஞ்சிச்சி?"