ஊற்று ஓய்வில் உள்ளது

காலை பத்து நாற்பதுக்குக் கார்வேந்தனின் நாடி ஐம்பத்தெட்டு. ஈரோட்டில் அந்த நேரம் இருநூற்றுப் பதினான்கு பேரின் மணிக்கட்டில் அதே ஐம்பத்தெட்டு தட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் வங்கி வரிசையில் நின்றிருக்கலாம். ஒருத்தி மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போயிருக்கலாம். அவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவன் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. நாடித்துணைச் சங்கத்தின் விதி அப்படி.

கார்வேந்தன் மூன்றாம் மாடியில் மேசை முன் உட்கார்ந்து, இயந்திரம் வரைந்த போர்வை டிசைன்களில் தப்புப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மயிலுக்கு மூன்று கால் இருந்தது. ஒன்றை அழித்தான். முப்பத்திரண்டு வயதில் அவனுக்கு அதுதான் வேலை. வெளியே போகத் தேவையில்லாத வேலை.

கதவு திறந்தே இருந்தது. முதல் மாடி அங்கமுத்து பையோடு உள்ளே வந்தார்.

"பாலு, தயிரு, நாலு முட்ட. அப்பறம் உன்ற பேருக்கு ஒரு கடுதாசி. நீ உள்ளயே உக்காந்து வெள்ளரிப்பிஞ்சாட்டம் வெளுத்துட்டப்பா."

"வெயில் படலீங்கண்ணா."

"ஒரு துணைவளை வாங்கிக் கட்டிக்கிட்டா என்ன? என்னையப் பாரு. நேத்துப் பவானி போயிட்டு வந்தேன். பஸ்ஸுல!"

அங்கமுத்து முப்பது வருடம் பேருந்து நடத்துநர். ஒரு நாள் ஓடும் பேருந்தில் மூச்சு அடைத்து, நடுவழியில் இறங்கி, பணப்பையைத் தோளில் மாட்டியபடியே வயலுக்குள் நடந்து போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வருடம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இப்போது வலது கையில் வளை. வாய் மூடுவதில்லை.

"கூட்டம் இருந்துதுங்களா?"

"இருந்துச்சு. லட்சுமி நகர் தாண்டறப்ப நெஞ்சு ஒருக்கா படபடங்குச்சு. உடனே என்ற ஆளு புடிச்சுக்கிட்டாரு. மனுசனா அவரு? மல மேல கண்ண மூடி உக்காந்திருக்கற முனிவராத்தான் இருக்கோணும். எள்ளளவு அசையமாட்டாரு. ஒரே ஒரு பழக்கந்தான். எப்பவாச்சும் ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வரும். அப்பறம் ஒண்ண முழுங்கீருவாரு. அடுத்தது கனமா வந்து உழும். டிரைவரு கியரு மாத்தறாப்புல."

கார்வேந்தன் முழுக்கைச் சட்டையைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். உள்ளே அவனுடைய வளை இருந்தது. வாங்கும் வளை அல்ல, அனுப்பும் வளை.

அவன் மனைவி நித்திலா அவன் மார்பில் காதை வைத்துக்கொண்டு சொல்வாள்: "உனக்குள்ள ஒரு மாடிப்படி இருக்குது. நடுவுல ஒரு படியக் காணோம்."

அவள் மூளையில் ஒரு நாளம் வெடித்து இறந்து ஒரு வருடம் ஆகிறது. மின்மயானத்தில் எல்லாம் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தபோது தெரு ஒரு பக்கம் சாய்ந்தது. விரல்கள் மரத்தன. சாகப்போகிறோம் என்று நினைத்தான். யாரோ ஆட்டோவில் ஏற்றி வீட்டில் விட்டார்கள். மறுநாள் அஸ்தி வாங்கப் புறப்பட்டவன் கீழ்ப்படிவரைக்கும் போய்த் திரும்பிவிட்டான். அதற்கடுத்த நாள் இரண்டாம் மாடிவரை. பிறகு வாசற்படி.

இதயத்தில் ஒன்றுமில்லை, இது வெளியச்சம் என்றார் திரையில் வந்த மருத்துவர். பதினாறு அமர்வுகளில் சரியாகும் என்றார். ஒரு அமர்வுக்கு அவனுடைய இரண்டு வாரச் சம்பளம். அரசு மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமைதோறும் இலவசம், ஆனால் நேரில் வர வேண்டும். வெளியே வர முடியாத நோய்க்கு இலவச மருத்துவம் வெளியே இருந்தது.

அதனால்தான் துணைவளைக்கு விண்ணப்பித்தான். இன்னொருவரின் நாடியை வளை மணிக்கட்டில் தட்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் உடம்பு அந்தத் தாளத்துக்கு இறங்கிவரும். பதிவு செய்த துடிப்பு உதவவில்லை. சங்கம் சோதித்துப் பார்த்தவர்களின் உடம்பு நான்கே நாளில் அதைப் பொம்மை என்று கண்டுகொண்டது. அந்தக் கணத்தில் உயிரோடிருக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அவருக்கு ஊற்று என்று பெயர். அவனுடைய குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி மேல் அலைபரப்பி இருந்ததால், சங்கம் ஊற்றுகளை அதன் எட்டுப் பிளாக்குகளுக்குள்ளேயே தேடியது.

சங்கத்துச் செவிலியர் ஜமீலா படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். மூன்றாவது கேள்வி: கடைசியாக வெளியே போனது எப்போது? நான்கு மாதமாயிற்று என்றான். அவர் அவனுடைய நாடியை இரண்டு முறை அளந்தார். சிரித்தார்.

"தம்பி, நீங்க வாங்கறவர் இல்ல, குடுக்கறவரு. இப்படியொரு நாடிய நான் பார்த்ததே இல்ல."

ஆயிரம் மணி நேரம் கொடுத்தால் வீட்டுக்கே மருத்துவர் வருவார் என்பது ஒப்பந்தம். தினமும் பதினான்கு மணி நேரம் கொடுத்தான். ஆயிரம் முடிந்து ஐந்து மாதமாகிறது. அவர்களும் பேச்செடுக்கவில்லை. இவனும் கேட்கவில்லை.

அங்கமுத்து போன பிறகு கடிதத்தைப் பிரித்தான். மயானத்திலிருந்து வந்திருந்தது. நித்திலா, தட்டு எண் 88. ஓராண்டாகியும் பெறப்படாத அஸ்தி வெள்ளிக்கிழமை மாலை மற்றவற்றோடு சேர்த்து ஆற்றில் கரைக்கப்படும். பதிவான கைரேகைக்கு உரியவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

அன்று புதன்கிழமை. அவனுடைய நாடி அறுபத்தொன்றுக்கு ஏறி, மறுபடி இறங்கியது.

ஜமீலாவை அழைத்தான். விஷயத்தைச் சொன்னான்.

"போகத்தானே தம்பி வேணும்?"

"நான் வெளிய போனா நாடி ஏறுங்க்கா. இருநூத்திச் சொச்சம் பேருக்கும் ஏறும்."

"அதுக்குத்தான் லீவுன்னு ஒண்ணு இருக்கு. வளையக் கழட்டி வெச்சிட்டுப் போங்க. ஏழு மாசத்துல ஒரு மணி நேரம் கேட்டிருக்கீங்களா? கேட்டா குடுக்க மாட்டோமா?"

மற்றவர்கள் வெளியே இருப்பதால் தான் உள்ளே இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் சொல்லிக்கொண்டான். அச்சத்துக்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருந்தான். பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

"வெள்ளி பதினொண்ணுல இருந்து ராத்திரி வரைக்கும் போட்டுறேன்," என்றார் ஜமீலா. கொஞ்சம் தயங்கி, "ரொம்ப மனசக் கலக்கிக்காதீங்க, தம்பி. சனிக்கிழம நீங்க வேணும்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லா வளைகளிலும் ஒரே வரி ஓடியது: ஊற்று ஓய்வில் உள்ளது. வீட்டில் இருக்கவும்.

கார்வேந்தன் வளையைக் கழற்றி மேசையில் வைத்தான். இறங்கினான். இரண்டாம் மாடிவரைக்கும் ஒன்றுமில்லை. அதற்குக் கீழே எட்டாவது படியில் சுவர் நகர்ந்தது. காதுக்குள் மோட்டார் ஓடியது. உட்கார்ந்துவிட்டான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்த கை தன்னுடையது போலவே இல்லை.

கீழே அங்கமுத்து தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, கோபமாக வளையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு? வேந்தனா?" மேலே ஏறி வந்தார். முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூச்ச வெளிய உடு. உள்ள இழுக்காத, அது தானா வரும். வெளிய உடு. ஆங்."

பத்து மூச்சுக்குப் பிறகுதான் கார்வேந்தன் கம்பியை விட்டான்.

"எங்க போகோணும்?"

"நித்திலாவ வாங்கிட்டு வரணும்."

அங்கமுத்து வளையைப் பார்த்தார். "இன்னைக்குன்னு என்ற ஆளு லீவு போட்டுட்டாரு. நாளைக்குப் போலாமா?"

"இன்னைக்குத்தான் கடைசிங்கண்ணா."

வளை வந்ததிலிருந்து அது இல்லாமல் அவர் தெருவில் இறங்கியதில்லை. வீட்டுக்குள் போய் எதையோ தேடி எடுத்துக்கொண்டு வந்தார். பழைய விசில்.

"ஒரேயடியா மயானம்னு நெனச்சா ரெண்டு பேருமே உழுந்துருவோம். டிக்கெட்டு அடுத்த ஸ்டாப்புக்கு மட்டுந்தான். மொத ஸ்டாப்பு கேட்டு. ஏறு."

கேட்டில் நின்றார்கள். பிறகு ரேஷன் கடை. பிறகு வேப்பமரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கார்வேந்தனின் மூச்சு இறங்கும்வரை அங்கமுத்து காத்திருந்தார். சில இடங்களில் அவருடைய மூச்சுக்காக இவன் காத்திருந்தான். "ரைட்" என்று சொன்ன பிறகுதான் நடை. மாவு மில் முன்னால் ஒரு பெண் இவர்களை வேடிக்கை பார்த்தாள்.

"என்னம்மா பாக்கற? எக்ஸ்பிரஸ் வண்டி, இங்க நிக்காது," என்றார் அங்கமுத்து. அங்கேதான் எட்டு நிமிடம் நின்றார்கள்.

ஒன்றேகால் கிலோமீட்டருக்கு எழுபது நிமிடம் ஆனது. மயான அலுவலகத்தில் கைரேகை கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். அங்கமுத்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மின்விசிறி சுற்றியது. நாடி இறங்கியது. நூற்றிருபது, தொண்ணூறு, எழுபது.

ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது. ஒன்று காணாமல் போயிற்று. அடுத்தது கனமாக விழுந்தது.

அங்கமுத்து கையை வெடுக்கென்று எடுத்தார். பிறகு மறுபடி வைத்துப் பார்த்தார். காத்திருந்தார். மறுபடியும் கியர் மாறியது.

"அடப்பாவி," என்றார்.

கார்வேந்தன் தலையாட்டினான்.

"உன்ன நம்பியாடா நான் பவானி வரைக்கும் போனேன்?"

"சொல்லக் கூடாதுன்னு விதிங்கண்ணா."

"முனிவருன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறன்! இவரு என்னடான்னா வாசப்படி தாண்டாத ஆளு." தரையைப் பார்த்துக் குனிந்தார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று கார்வேந்தனுக்குப் பிறகுதான் தெரிந்தது. "சரி. நீ வூட்டுல இருந்தே. நீ வரல. அப்ப பவானிக்குப் போனது ஆரு?"

அதற்குள் எண்பத்தெட்டு என்று கூப்பிட்டார்கள்.

வெள்ளைத் துணி கட்டிய சிறிய மண்கலயம். ஒன்றரைக் கிலோகூட இருக்காது. இரண்டு கையாலும் வாங்கினான். திரும்பும் வழியில் மாவு மில் நிறுத்தத்தில் அவன் தோள் சுவரில் சாய்ந்தது. ஒரு வருடமாக வராத அழுகை வந்தது. சத்தமாகவே வந்தது. அங்கமுத்து தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். வெகுநேரம் "ரைட்" சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வளையைக் கட்டினான். பத்து மணிக்கு ஜமீலா வந்துவிட்டார்.

"எழுபத்தாறு. திடீர்னு தொண்ணூறு. என்ன தம்பி இது?"

"கலயத்தப் பார்த்தா அப்படி ஆகுதுங்க்கா."

"பத்தொம்பது பேரு புகார் குடுத்திருக்காங்க. ஒருத்தர் காய்கறி மார்க்கெட்டுல நின்னு அழுதிருக்காரு. என்னத்துக்குன்னு அவருக்கே தெரியல." வளையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். "உங்க நாடி இனி ஆகாது. சந்தோசப்பட வேண்டிய விஷயந்தான்." துக்க வீட்டில் சொல்வது போலச் சொன்னார்.

"அந்த ஆயிரம் மணி நேரம்? டாக்டர் வருவார்னு சொன்னீங்களே."

"அது ஊற்றா இருக்கறவங்களுக்குத்தானே தம்பி."

"ஊற்றா இருந்தப்ப ஏன் வரல?"

ஜமீலா பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குணமாயிட்டா நாடி மாறிருமே."

புது ஊற்று கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரைக்கும் வளைக்காரர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தார்கள். அங்கமுத்துவும் கார்வேந்தனும் தினமும் மாவு மில் வரைக்கும் வண்டி ஓட்டினார்கள். சில நாள் வேப்பமரத்தோடு திரும்பினார்கள். ஒரு நாள் ஆற்றங்கரைவரை போய், நித்திலாவைக் கரைத்துவிட்டு வந்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் ஜமீலா அவனுக்கும் ஒரு வாங்கும் வளை கொண்டுவந்தார்.

"இலவசம்தான். கட்டிப் பாருங்க. ஐம்பத்தி நாலு. உங்களையே மிஞ்சிட்டாங்க."

கட்டினான். துடிப்பு சீராக வந்தது. படி இறங்கினான், அது ஏறவில்லை, குறையவில்லை. கல்லில் சொட்டும் தண்ணீர் போலிருந்தது. அந்தச் சீரை அவனுக்குத் தெரியும்.

"இவங்க கடைசியா எப்ப வெளிய போனாங்க?" என்று கேட்டிருந்தான்.

ஜமீலா படிவத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

கேட்டில் அங்கமுத்து புது ஊற்றை ரசித்துக்கொண்டிருந்தார். "பரவால்லப்பா. உன்னாட்டம் கியரெல்லாம் மாத்தறதில்ல. ஆடாம அசங்காம இருக்காங்க."

"அசையாம இருக்காங்கன்னா உள்ள இருக்காங்கன்னு அர்த்தங்கண்ணா. இந்த எட்டு பிளாக்குல எங்கயோ."

அங்கமுத்துவின் சிரிப்பு நின்றது. இருவரும் மேலே பார்த்தார்கள். வரிசை வரிசையாகச் சன்னல்கள். பாதி மூடியிருந்தன. வளை ஐம்பத்துநான்கைத் தட்டியது. இதைக் கட்டிக்கொண்டு இப்போது இருநூற்றுச் சொச்சம் பேர் தெருவில் இருக்கிறார்கள். பதினான்கு நாளுக்கு முன்னால் அவன் அந்தக் கணக்கைத்தான் தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உங்க சத்தம் நாலாவது மாடிக்குக் கேக்குங்களா?" என்றான்.

"என்ற சத்தமா?" அங்கமுத்து விசிலை எடுத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். பிளாக்குகளுக்கு நடுவே நடந்தபடி கூவினார்: "ரேஷன் கட, வேப்பமரம், மாவு மில்லு! மெதுவாப் போற வண்டி! பயப்படறவங்களுக்கு மட்டும்! ஏறறவங்க ஏறலாம்!"

மூன்றாவது முறை கூவியபோது ஐந்தாம் பிளாக்கில் ஒரு திரை அசைந்தது.

இருவர் மணிக்கட்டிலும் துடிப்பு ஏறியது. அறுபது. எழுபது. எண்பத்தைந்து. அங்கமுத்து கையைப் பிடித்துக்கொண்டார். கடைத்தெருவிலும் பேருந்துகளிலும் எல்லாரும் அப்படித்தான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

"தம்பி," என்றார் மெதுவாக, "ஊரே நின்னிருக்கும். போயிர்லாமா?" விசில் உதட்டருகே இருந்தது. அதை ஊதினால் வண்டி கிளம்பிவிடும்.

ஐந்தாம் பிளாக்கின் மாடிப்படியில் யாரோ ஒரு படி இறங்கி நின்றார்கள்.

"ஊதாதீங்க," என்றான் கார்வேந்தன். "ஏறட்டும்."