மூன்றாம் நிமிடம்

காதுக்குப் பின்னால் நினைவுச்சில்லு இல்லாத ஆள் மதுரையில் அபூர்வம். பார்த்தது, கேட்டது எல்லாம் எட்டெட்டு நிமிட அறைகளாக அதில் பதிந்துவிடும். ஒரே தொல்லை, சில்லுக்கு அறையை வாசலிலிருந்துதான் படிக்கத் தெரியும். நடுவிலிருந்து கேட்டால் இயக்குதளம் சரியாக வெட்டித் தரவேண்டும்; முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

புதிய இயக்குதளம் இதை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்ப்பதுதான் தமயந்தியின் வேலை. சோதிப்பவர்கள் தங்களுக்கு மனப்பாடமான நினைவைத்தான் எடுப்பார்கள். பிசகினால் உடனே தெரியுமே. அவளுக்கு அக்காவோடு போட்ட சண்டை மனப்பாடம். இரண்டு வருடமாகத் தினமும் அதைக் கேட்கிறாள், அக்காவோடு பேச்சுவார்த்தையே கிடையாது. இன்று அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா. சத்தியமாகப் போவதில்லை என்றிருந்தாள்.

வழக்கம்போல மூன்றாம் நிமிடத்திலிருந்து கேட்டாள். "நீ சோறு வடிச்சா நாய்கூட மோந்துட்டுப் போயிரும்டி!" என்று அக்கா கத்தும் இடம் அது.

கத்தல் வரவில்லை. இலை போடும் சத்தம் வந்தது. பிறகு அவளுடைய குரலே, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால்: "என்னக்கா புளியோதரை இது? புளிய அரிசிக்குக் காட்டிட்டு எடுத்து வச்சிட்டியா?" பந்தியே சிரித்தது. நாற்பது பேருக்கு விடியலிலிருந்து ஒண்டியாகச் சமைத்த அக்காவின் முகம் சுருங்கியது.

அடிப்பாவி, நானா ஆரம்பித்தேன்! தமயந்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னாச்சு மேடம்?" என்றான், இயக்குதளத்தை எழுதிய ஹபீப்.

"நடுவுல கேட்டா, சத்தமில்லாம வாசலுக்குப் போயிருதுப்பா. பிழைன்னும் சொல்லல."

"அய்யோ, பெரிய தப்பாச்சே! மத்தியானத்துக்குள்ள திருத்திடறேன்."

தப்புதான். பொய் எழுத மனம் வராமல் பிழை என்றே பதிவுசெய்துவிட்டு, அக்காவை அழைத்தாள்.

"அக்கா... அன்னிக்கு உன் புளியோதரை நல்லாத்தான் இருந்துச்சுக்கா. நாந்தான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கல."

எதிர்முனையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இதச் சொல்ல ரெண்டு வருசமாடி உனக்கு? சீக்கிரம் வா, பந்தி முடியப்போவுது."

ஓடினாள். இரண்டு கை புளியோதரை கூடுதலாகவே சாப்பிட்டாள்.

ஹபீப் திருத்திய இயக்குதளம் அடுத்த வாரமே வெளியானது. 'கேட்ட இடத்திலிருந்தே நொடி பிசகாமல் கேட்கலாம்' என்ற விளம்பரத்துக்கு ஊரே ஆசையாக மாறிக்கொண்டது. அவரவர் சண்டையை அவரவருக்குப் பிடித்த நிமிடத்திலிருந்து கேட்டார்கள்; ஒரு புகார்கூட வரவில்லை.

தமயந்தி மட்டும் தன் சில்லில் பழைய பிழையை அப்படியே விட்டுவைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டையிலும் அவளால் ஜெயிக்க முடிவதில்லை.