விசிறி இல்லாத பெட்டி

"அந்தப் பையனுக்கு வேலை போகணும். இன்னைக்கே போகணும். அதுக்கு எனக்கு ஒரு ஆதாரம் வேணும்."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவர். தெருவில் அவருக்குக் கதையம்மா என்றுதான் பெயர். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தைப்பவர்கள், சமைப்பவர்கள், கண் தெரியாமல் கட்டிலில் கிடப்பவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அத்தனை இதமான குரல். அன்று அது கரகரத்தது.

மூத்தவள் மடித்துக்கொண்டிருந்த துணியை விடவில்லை. "உக்காருங்கம்மா. முதல்ல தண்ணி. அப்புறம் ஆதாரம்."

மூத்தவள் ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவள். காது காட்ட வருகிறவர்கள் வாயையும் திறந்துவிடுவார்கள் அல்லவா? அப்படி வீட்டு வழக்கெல்லாம் அவள் மேசைக்கு வரும். பாதியை அங்கேயே தீர்த்து அனுப்பிவிடுவாள். இளையவள் அவளுடைய கொழுந்தன் மனைவி. ஓரகத்திகள் என்றாலே அடுப்படியில் பாத்திரம் பறக்கும் என்று நினைப்பீர்கள். இந்த இரண்டு பேரும் துப்புத் துலக்குவதில் கூட்டாளிகள். மூத்தவள் யோசிப்பாள், அவள் யோசித்து முடிப்பதற்குள் இளையவள் யாரையாவது கைது செய்திருப்பாள்.

"பையன் யாரு?" என்றாள் மூத்தவள்.

"ஸ்டூடியோவில ஒலிப்பதிவு பாக்குறவன். நான் வீட்டில வாசிச்சுப் பதிவு பண்ணி அனுப்பணும். அவன் கேட்டுட்டு, சரின்னா சரி. என் கம்ப்யூட்டர் சின்னது, ரெண்டு செங்கல்லை அடுக்கின உயரம்தான். அதுக்குள்ள மின்சாரம் குடுக்கிற பழைய பவர் சப்ளையோட விசிறிச் சத்தம் பதிவில விழுதுன்னான். இரைச்சல், இரைச்சல்னு உசிரை எடுத்தான். நியாயம்தான், எனக்கே கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் கடை கடையா ஏறி இறங்கி, விசிறியே இல்லாத பவர் சப்ளையா பாத்து வாங்கிப் போட்டார். இப்ப பெட்டி ஊமை. ஆனாலும் திருப்பி அனுப்புறான்!"

"என்ன காரணம் சொல்றான்?"

"கேட்டா சிரிப்பீங்க. நான் பக்கம் புரட்டுற இடத்திலெல்லாம் சத்தம் வருதாம். நான் காகிதத்தையே தொடுறதில்ல. திரையில பாத்துப் படிக்கிறேன். இல்லாத பக்கம் எப்படிங்க புரளும்?"

"போட்டுக் காட்டச் சொன்னீங்களா?"

"போட்டான். நானும் எங்க வீட்டுக்காரரும் காதில மாட்டிக் கேட்டோம். என் குரலைத் தவிர ஒண்ணுமே இல்ல. எங்கடா சத்தம்னு கேட்டா, திருதிருன்னு முழிச்சுட்டுத் திரையில ஏதோ கோடு காட்டுறான். கோடு யார் வேணா போடலாம்!"

"நல்லா சொன்னீங்க!" என்றாள் இளையவள், நாற்காலி நுனிக்கு வந்து.

கதையம்மாவின் கண் கலங்கியது. "நேத்து ஸ்டூடியோ கதவுகிட்ட நிக்கிறேன். உள்ள போன்ல பேசிட்டிருக்கான். 'கதையம்மா வேலையில இப்ப கொசு வந்திருக்கு. அந்தக் கொசுவைத் துரத்தினாத்தான் எனக்கு நிம்மதி'ங்கறான். என்னைக் கொசுங்கறான்! அவனுக்கு ஒரு அக்கா இருக்கா. நல்லா வாசிப்பாளாம். புரியுதா? சாயங்காலம் முதலாளி ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கார். ஒண்ணு அவன் இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்னு சொல்லப் போறேன்."

"அடப்பாவி! கேஸ் முடிஞ்சுது அக்கா. அவன் அக்காவை உள்ள கொண்டுவர இவங்களை வெளிய தள்ளுறான்," என்றாள் இளையவள்.

"முடிஞ்சா சந்தோஷம். பெட்டியைப் பாத்துட்டு வந்து முடிச்சுக்கலாம், வா."

*

கதையம்மா வாசிக்கும் அறை துணி அலமாரியை விடக் கொஞ்சம் பெரியது. சுவரெல்லாம் பழைய மெத்தை விரிப்புகள் தொங்கின. ஜன்னலில் கண்ணாடி, அதற்குள் வலை. கதையம்மாவின் கணவர், தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

"விசிறியிருந்தாத்தானே சத்தம்? அடியோட எடுத்துட்டேன். காதை வெச்சுப் பாருங்க."

மூத்தவள் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நன்றாகச் சுட்டது.

வாசலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"முன்னல்லாம் பெட்டி மேலயே படுத்துக் கிடக்கும்," என்றார் கணவர். "சூடு பத்தலையோ என்னவோ, புதுசு போட்டதிலேர்ந்து உள்ளயே வர்றதில்ல."

மூத்தவள் பூனையைப் பார்த்தாள். சுட்ட கையைப் பார்த்தாள். பிறகு, "ஒரு பத்தி வாசிச்சுக் காட்டுங்கம்மா," என்றாள்.

கதையம்மா வாசித்தார். வரிகள் தீர்ந்ததும் மவுஸின் சக்கரத்தைச் சத்தமில்லாமல் உருட்டித் திரையை மேலே தள்ளினார். மறுபடி வாசித்தார். இளையவள் முகத்தைச் சுளித்தாள், காதில் விரலை விட்டுக் குடைந்தாள். மூன்றாவது முறை திரை நகர்ந்தபோது, "அக்கா, நான் வெளிய நிக்கிறேனே. இந்த ரூம் என்னமோ பல்லு கூசுற மாதிரி இருக்கு," என்று எழுந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் மூத்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இப்ப புருஷன்காரர் மேலதான் சந்தேகம். பழைய பவர் சப்ளையையே துடைச்சு மாட்டிட்டுப் புதுசுன்னு சொல்லியிருப்பார்."

"பழசுக்கு விசிறி உண்டேடி. பெட்டிக்குள்ள சுத்துறது எதுவும் இல்லையே."

"அப்ப பூனைதான்."

"அதை விட்டுடாதே. இந்த வழக்கில உண்மையைப் பேசின மூணு சாட்சியில அதுவும் ஒண்ணு." மூத்தவள் சிரித்தாள். "போய் அந்தப் பையனைக் கூட்டிட்டு வா. முதலாளியைப் பாக்குறதுக்கு முன்னாடி இங்க வந்துட்டுப் போகட்டும்."

*

ஒலிப்பதிவாளர் வந்தான். ஒல்லியாக, தூக்கமில்லாத கண்களோடு. கதையம்மா அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க அந்த மூலையில சுவரைப் பாத்து உக்காருங்க," என்றாள் மூத்தவள். பிறகு இளையவளிடம், "நீ இந்த மூலையில. ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கங்க. கொசு சத்தம் மாதிரி ஏதாவது கூடுதலாக் கேட்டா கையைத் தூக்குங்க. நின்னா இறக்குங்க. எங்க ஆஸ்பத்திரியில தினமும் செய்யுறதுதான்."

"கொசுவா?" என்றார் கதையம்மா.

"அம்மா, நீங்க வாசிக்கவே வேணாம். உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப சக்கரத்தை உருட்டுங்க. எப்பத் தோணுதோ நிறுத்துங்க. நான் சொல்ல மாட்டேன்."

கதையம்மா உருட்டினார். இரண்டு கைகள் எழுந்தன.

நிறுத்தினார். இரண்டு கைகளும் இறங்கின.

கொஞ்சம் விட்டு, ஏமாற்றுகிறவர் போல லேசாக உருட்டினார். ஒரே நூலில் கட்டிய மாதிரி இரண்டு கைகளும் சேர்ந்து எழுந்தன. கண்ணை மூடியிருந்தவர்களுக்குக் கதையம்மாவின் கையும் தெரியாது, ஒருவர் கை மற்றவருக்கும் தெரியாது. அறையில் வயதில் மூத்த மற்ற மூவருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கதையம்மா மறுபடி மறுபடி உருட்டினார். கைகள் தப்பவே இல்லை.

"போதும்," என்று மூத்தவள் அவர் தோளைத் தொட்டாள்.

"இது... இது என்ன மாயம்?"

"மாயமில்லம்மா. நேத்து நீங்க கேட்டது திட்டு இல்ல, விவரம். பழைய பவர் சப்ளைக்கு இவர் என்ன சொன்னார்? இரைச்சல். புதுசுக்கு? கொசு. இல்லாத சத்தத்தைச் சொல்லி உங்களை வெளிய தள்ள நினைக்கிறவர், நீங்களே ஒத்துக்கிட்ட பழைய வார்த்தையைத்தானே பிடிச்சுத் தொங்குவார்? புது வார்த்தை எதுக்கு? கேட்டது புதுச் சத்தம், அதான்."

"பக்கம் புரளுதுன்னாரே?" என்றார் கணவர்.

"அங்கதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. வாசிப்பு நிக்கிற இடத்தில சத்தம் ஏறுது. காகிதம் வெச்சு வாசிக்கிறீங்கன்னு நினைச்சுப் பக்கம்னு சொல்லிட்டார். நீங்க திரையைத் தள்ளும்போது கம்ப்யூட்டருக்குத் திடீர்னு வேலை கூடும், மின்சாரத்தைக் கூடுதலா இழுக்கும். பவர் சப்ளைக்குள்ள செம்புக் கம்பிச் சுருள் இருக்கு. விசிறி இல்லாட்டியும் அது அதிரும். அந்த அதிர்வுதான் கீச்சுன்னு பாடுது."

"பூனை?" என்றாள் இளையவள், கையை இறக்க மறந்து.

"சூடு பத்தலைன்னார். தொட்டா கை சுடுது. விசிறி இல்லாததால முன்னைவிடச் சூடு. சூட்டுக்கு ஏங்குற பூனை சூடான பெட்டியை விட்டு ஏன் ஓடணும்? அதுக்கு நம்மை விட உச்சத்தில காது கேக்கும். மூணாவது சாட்சி நீதான். ரூமில நிக்க முடியலைன்னு வெளிய போனே. துப்பறிய வந்தவளே துப்பா இருந்தே, உனக்குத்தான் தெரியல."

"எனக்குக் கேக்கலையே!" கதையம்மாவின் குரல் உடைந்தது. "நான் சத்தத்தில பொழைக்கிறவ. என் காது போயிடுச்சா?"

மூத்தவள் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "போகல. எனக்கும் கேக்கல, உங்க வீட்டுக்காரருக்கும் கேக்கல. வயசு ஏற ஏற, கீச்சுச் சத்தம் வர்ற மேல்மாடியில ரெண்டு மூணு ஜன்னல் தானா சாத்திக்கும். வீடு அப்படியேதான் இருக்கு. மனுஷங்க பேசுறது, அழறது, சிரிக்கிறது எல்லாம் கீழ்மாடி. நீங்க அங்க ராணி."

பிறகு ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அம்மா, உங்களுக்குக் கேட்டும் பிடிவாதமா இல்லைங்கறீங்கன்னு நினைச்சேன். எனக்குக் கோவம். அதான் திரையில அந்தச் சத்தம் விழுந்த கோட்டைக் காட்டினேன்."

"உன் அக்கா?"

"அவளா? அவ வாசிச்சா நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிடுவேன்மா."

கதையம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. கணவர் பெட்டியைக் குற்றவாளியைப் போல முறைத்தார். "விசிறி வேணாம், விசிறி இல்லாட்டியும் வேணாம். பின்ன எதைத்தான் வாங்குறது?"

"பெரிய விசிறி மெதுவா சுத்துற பவர் சப்ளையா வாங்குங்க," என்றாள் மூத்தவள். "தேவைக்கு மேல கொஞ்சம் சக்தி கூடினதா இருக்கட்டும். மூணு குடம் தூக்குறவங்க கையில ஒரு குடம் குடுத்தா மூச்சு வாங்குமா? சூடும் ஏறாது, விசிறியும் பதறாது. இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள அடங்குற அளவான்னு மட்டும் அளந்துட்டுப் போங்க. இன்னொண்ணு, ஒரே மாதிரி ரெண்டு வாங்கினாலும் ஒண்ணு பாடும், ஒண்ணு பாடாது. அட்டையைப் படிச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாது. கடையில ஓட விட்டுக் கேட்டுத்தான் எடுக்கணும்."

"யார் கேக்கிறது? நாங்க ரெண்டு பேரும்தான் செவிடாச்சே," என்றார் கணவர்.

கதையம்மா கைபேசியை எடுத்தார். எண்ணை அழுத்தினார். குரலில் கரகரப்பு போயிருந்தது. கதை சொல்லும் குரல் திரும்பியிருந்தது.

"முதலாளி, நான்தான். சாயங்காலம் வந்து ரெண்டு பேர்ல ஒருத்தர்னு சொல்றதா இருந்தேன்... இல்ல, யோசிச்சுட்டேன். ஒருத்தரை வெச்சு இந்த வேலை நடக்காது. வாசிக்க நான் வேணும், கேக்க இவன் வேணும். இப்ப நாங்க கடைக்குக் கிளம்புறோம்."

போனை வைத்துவிட்டு ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். "என்ன நிக்கிறே? செருப்பைப் போடு."