டம்ளரில் அசையாத தண்ணீர்

நாற்பத்து மூன்றாவது படம் ஆடியிருந்தது. அதற்கு முந்தைய நாற்பத்திரண்டிலும் ஒவ்வொரு மயிரையும் எண்ணிவிடலாம் போலிருக்க, இது மட்டும் யாரோ ஈர விரலால் தேய்த்ததுபோல் கலங்கிக் கிடந்தது. நாற்பத்து நான்கும் அப்படியே. நாற்பத்தைந்தும் அப்படியே. நாற்பத்தாறு மறுபடி சுத்தம்.

பூச்சிக்காரி கணினித் திரையை முறைத்தாள். அக்கம்பக்கம் வைத்த பெயர் அது. பூச்சிகளின் முகத்தைப் படமெடுத்துப் பிழைப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? மேசைமேல், குண்டூசி முனையில் ஒட்டியிருந்தது அரிசி நீளத்தில் ஒரு பச்சைக் குளவி, செத்துக் காய்ந்தது. அதன் முகம் ஒரு புத்தகத்தின் அட்டையாகப் போகிறது. நாளைக் காலைக்குள் அனுப்பியாக வேண்டும். கேமராவை மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு நகர்த்தி ஒரு படம், இன்னும் நகர்த்தி ஒரு படம் என்று நூற்று அறுபது எடுத்து ஒன்றாய்ச் சேர்த்தால்தான் முழு முகம் கிடைக்கும். நடுவில் மூன்று ஆடிப்போனால் மொத்தமும் போச்சு.

இந்த அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த வீடும் சும்மா நிற்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெருவில் லாரி போனால் குளவி ஆடும், இவள் கால் மாற்றி நின்றாலும் ஆடும். அதனால் கேமராவையும் குளவியையும் ஒரே கருங்கல் பலகையில் முடுக்கி, அடியில் பாதி காற்றடித்த சைக்கிள் டியூபை வைத்திருந்தாள். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஃப்ரிட்ஜையும் நிறுத்தியாயிற்று. "என் ஐஸ்கிரீம் உருகிச்சுன்னா நீதான் பொறுப்பு" என்று புலம்பிவிட்டுத்தான் வீட்டுக்காரர் காலையில் வேலைக்குக் கிளம்பியிருந்தார். பலகையின் ஓரத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். அது நடுங்கினால் வீடு நடுங்குகிறது என்று அர்த்தம்.

மிச்சமிருந்தது ஆறு வயது வாண்டு. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் கால் பாவாத பெண். அதற்கும் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். "ஸ்டேச்சு" என்று சொன்னால் வாண்டு சிலையாகிவிட வேண்டும்; "ரிலீஸ்" என்று சொன்னால்தான் அசையலாம்.

"ஏய் வாண்டு, எழுந்து நடந்தியா?"

"இல்லம்மா!"

உள்ளறைக் கதவு திறந்துதான் கிடந்தது. கட்டிலில் சம்மணம் போட்டு, முயல் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, சொன்ன சொல் மாறாமல் உட்கார்ந்திருந்தாள் பிள்ளை. அவளைப் பார்த்துவிட்டுப் பூச்சிக்காரி டம்ளரின் மேல் கண்ணை ஓட்டினாள்.

தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து அடங்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று.

லாரி என்றால் தண்ணீர் மொத்தமாய்ச் சிலிர்க்கும். இது நடை. யாரோ வெறுங்காலோடு, அவசரமில்லாமல், நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருகிற நடை. தனி வீடு, மாடி கிடையாது, குடிவந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மத்தியான வெயில் ஜன்னல் வழியே தரையில் பளீரென்று விழுந்துகிடந்தது. ஆனாலும் பூட்டியே கிடந்த அலமாரியைத் திறந்த மாதிரி ஒரு பழைய ஈர வாடை மூக்கில் ஏறியது.

"அம்மா, நான் அசையல. அவதான் நடக்குறா."

"எவடி?"

"பேரு சொல்ல மாட்டேங்குறா. அவளையும் ஆட்டத்துல சேத்துக்கணுமாம்."

கதவு நிலையில் முன்பு குடியிருந்தவர்கள் பென்சிலால் போட்டுவிட்டுப் போன உயரக்கோடுகள் இருந்தன. ஒரு பிள்ளை வளர்ந்த கணக்கு. வாண்டின் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதோடு நின்றுபோயிருந்தது. வந்த அன்றே அதை அழித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

சே, பட்டப்பகலில் என்ன பயம்! வேலை தலைக்குமேல் கிடக்கிறது. பிள்ளை கதை விடுகிறாள், விடட்டும். பூச்சிக்காரி சிரித்துக்கொண்டே நடைவழியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "சரிம்மா, நீயும் ஆட்டத்துல உண்டு. ரெண்டு பேருக்கும் சேத்து... ஸ்டேச்சு!"

தண்ணீர் நின்றது.

பாதி வளையத்தில் நின்றது.

அடுத்த ஒன்றரை மணிநேரத்தை என்னவென்று சொல்வது! முதலிலிருந்து தொடங்கினாள். நகர்த்து, பொறு, எடு. நகர்த்து, பொறு, எடு. நூற்று அறுபதில் ஒன்றுகூடப் பழுதில்லை. இப்படி ஒரு அசைவற்ற வீடு எந்தப் படக்காரிக்கும் வாய்த்திருக்காது. திரையில் குளவியின் முகம் மலைபோல் எழுந்து நின்றபோது அவளுக்குக் கண் கலங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் உறைத்தது. ஒன்றரை மணிநேரம். மூக்கு அரிக்குது என்று ஒரு வார்த்தை இல்லை. தண்ணி வேணும் என்று இல்லை.

"நீயெல்லாம் ஒரு தாயா" என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள்.

வாண்டு அப்படியே இருந்தாள். சம்மணம். முயல். திறந்த கண்கள்.

"போதும்டா தங்கம். ரிலீஸ்."

பிள்ளை அசையவில்லை.

"ரிலீஸ்னு சொல்லிட்டேன்ல? விளையாடாத. அம்மாவுக்குப் பயமா இருக்கு."

கட்டிலருகே மண்டியிட்டாள். பிள்ளையின் கன்னம் கருங்கல் பலகைபோல் சில்லென்றிருந்தது. இடது கண்ணோரம் ஒரு சொட்டுக் கண்ணீர் திரண்டிருந்தது. வழியவில்லை. நடுங்கவும் இல்லை.

நடைவழியில் சத்தம் கேட்டது.

தப்.

தப். தப்.

சின்னக் கால்கள். வெகுநேரம் கட்டிப்போட்டு அவிழ்த்துவிட்ட கால்கள். இப்போது நடையில்லை, ஓட்டம்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அந்த ஒற்றைச் சொட்டை மட்டுமே பார்த்தாள். சின்னதைப் பார்த்தே பழகிய கண். சொட்டுக்குள் தலைகீழாய் ஜன்னல் தெரிந்தது. தன் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் இன்னொரு தலை.

சட்டையின் முதுகுப்பக்கத்தை ஒரு கை கொத்தாய்ப் பிடித்தது. ஈர வாடை. காதருகே, மூச்சே இல்லாத ஒரு குரல்.

"இப்ப என் முறை. நான் சொல்றேன். ஸ்டே..."

"ஸ்டேச்சு!" என்று அலறினாள் பூச்சிக்காரி.

குரல் பாதியில் நின்றது. கை விடவில்லை. பிடித்தபடியே இறுகிப்போயிற்று.

வெயில் தரையைவிட்டுச் சுவரேறியது. வீட்டுக்காரர் வர ஆறு மணியாகும். முன்னால் வாண்டு, திறந்த கண்ணோடு. முதுகில் அந்தக் கை. பிள்ளையை விடுவிக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். அது யாரை விடுவிக்கும் என்று பார்த்தாயிற்று. சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியாது. நாக்கு அந்தச் சொல்லின் முதல் எழுத்தைத் தொட்டபடி நின்றது.

பக்கத்து அறையில் டம்ளர் தண்ணீர் கண்ணாடித் துண்டுபோல் கிடந்தது.