திறந்தே கிடந்த குழாய்

செவ்வாயில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மனிதப்போலிகள் முகம், கைரேகை, இரத்தம் எல்லாவற்றையும் நம்மைப் போலவே அமைத்துக்கொண்டு வரத் தொடங்கிய பிறகு வந்த விதி அது. போலி என்றால் விடையை மட்டும் சொல்லும், பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கிப் படித்தவர்தான் படிப்படியாக எழுதுவார் என்பது குடியேற்றத் துறையின் நம்பிக்கை. தேறாதவர்களைச் சரக்கறையில் ஏற்றி, வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செண்பகவல்லி வரிசையில் நின்றாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் இசக்கிராஜ். பார்த்து மூன்று வருடம் ஆகிறது. கன்னம் உப்பியிருந்தது. இவர் நிஜமாகவே அவர்தானா?

"ஸ்டெப் ஒழுங்கா போடு, செம்பா. வேற எதுக்கும் வாயத் தொறக்காத," என்றான் சுவரின் ஒலித்துளை வழியாக.

அந்தக் குரல்தான். ஆனாலும் குரலைச் செய்வது பெரிய விஷயமா என்ன?

அவளுக்கு முன்னால் நின்றவர் இமைக்கவே இல்லை. ஆறு பேர் பத்து நாளில் முடிக்கும் வேலையை மூன்று பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பது அவருக்கு வந்த கணக்கு. நான்கு வரி எழுதி, ஐந்து நாள் என்று அடிக்கோடிட்டார்.

அதிகாரி அமலோற்பவம் படித்துவிட்டுச் சிரித்தாள். "ஆள் கொறஞ்சா வேலையும் சீக்கிரம் முடியுமா அண்ணாச்சி? போங்க, போங்க. நீங்க மனுஷர்தான்."

அடுத்து செண்பகா. ஒரு குழாய் தொட்டியை நான்கு மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்தில் காலியாக்கும். இரண்டையும் திறந்துவிட்டால் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

எழுதினாள். ஒரு மணி நேரத்தில் நிரம்புவது நாலில் ஒரு பங்கு. வெளியேறுவது ஆறில் ஒரு பங்கு. கழித்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே பன்னிரண்டு மணி நேரம்.

அமலோற்பவம் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள். செண்பகாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கப்பலில் ஏழு மாதம் ஈரத்துணியால் துடைத்துக் குளித்தவள் அவள். இதில் ஏதோ சூது இருக்கிறது.

"மேடம், அந்த ரெண்டாவது குழாய எதுக்குத் தொறந்து வெச்சிருக்காங்க?"

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"என்னது?"

"தண்ணி வீணாப் போகுதே. மூடிட்டா நாலு மணி நேரத்துல ரொம்பிடுமே. தொறந்து வெச்சது யாரு?"

அமலோற்பவம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "தலமுறை தலமுறையா இந்தக் கணக்கப் போடுறோம். பள்ளிக்கூடத்துல படிச்ச எந்தப் பிள்ளையும் இதக் கேட்டதில்ல. காவலர்!"

"ஐயோ, நான் மனுஷிதான் மேடம்!"

இசக்கி கண்ணாடியைத் தட்டினான். "தெரியாமக் கேட்டுட்டா மேடம், விட்டுருங்க!"

"ஏங்க, உங்களுக்கும் இதே மாதிரி கணக்குத்தான வந்திருக்கும்? உங்களுக்குத் தோணலையா? சொல்லுங்க!"

"எனக்கு என்ன எழவு தோணும்? கேள்வியவே படிக்கல. பக்கத்துல இருந்தவன் எழுதுனதப் பாத்து எழுதிட்டேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் அமலோற்பவத்தின் முகம் கனிந்தது. அவனுடைய குடியிருப்பு அட்டையைக் கண்ணாடியின் அடித்திறப்பு வழியாக வாங்கி, 'சந்தேகத்துக்கு இடமில்லை' என்று முத்திரை குத்தி, ஆயுள் முழுவதற்குமான அனுமதியாக மாற்றிக் கொடுத்தாள். அதற்குள் காவலர்கள் செண்பகாவின் முதுகில் சரக்குச் சீட்டை ஒட்டியிருந்தார்கள்.