இல்லையேல்

“புழுக்கமா இருக்கு” என்று இருபத்தொரு பேரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். ஃபேன் சுற்றவில்லை.

சித்திரை மாதத்துத் திருநெல்வேலி. மூடிப்போன ஒரு டிவி ஷோரூமின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே எல்லாரும் சட்டை நனைய உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காலரைத் தூக்கிவிட்டு ஊதிக்கொண்டார். ஒரு பெண்மணி, “ஸ்ஸ்... என்னா வெக்கை” என்று முந்தானையால் விசிறியபடி ஃபேனை ஓரக்கண்ணால் பார்த்தார். வீட்டில் அந்தப் பார்வையே போதும். இங்கே அது பலிக்கவில்லை.

“நீங்க என்ன நினைக்கீங்கன்னு இந்த ஃபேனுக்குத் தெரியாது,” என்றாள் செண்பகவல்லி டீச்சர். “என்ன செய்யணும்னு சொன்னாத்தான் செய்யும். சொல்லுங்க.”

பத்து நிமிடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபேனுக்குப் போய் உத்தரவு போடுவதா என்று கூச்சம். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரிய மனிதர் எழுந்து, “ஃபேனே, சுத்து” என்றார். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மேசைமேல் இருந்த வருகைத்தாள் பறந்து ஜன்னல் வழியாகப் போயிற்று. எவ்வளவு வேகத்தில், எதுவரைக்கும் என்று அவர் சொல்லவில்லையே!

“இதுதான் முதல் பாடம்,” என்றாள் டீச்சர்.

எழுந்து சொன்ன அந்த மனிதர் இசக்கிமுத்து. மின்வாரியத்தில் லைன்மேனாக முப்பது வருடம் கம்பத்தில் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி ஆவுடையம்மாளுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. வீட்டில் கட்டிலோரம் இருக்கும் ‘மூச்சுத்துணை’ என்ற இயந்திரம் காற்றுத் தள்ளினால்தான் மூச்சு உண்டு. அந்த இயந்திரத்துக்கு எழுதத்தான் அவர் இந்த வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

இயந்திரத்துக்கு இவர் எதற்கு எழுத வேண்டும்? அதைச் சொல்லப் போனால் வயிறு எரியும்.

இருபது வருடங்களுக்கு முன்பு ‘குறிப்பறிவி’ வந்தது. மிக்ஸி, ஃபிரிட்ஜ், துவைக்கும் இயந்திரம், கட்டில் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்தது. முதலில் நாம் பேசினால் புரிந்துகொண்டது. பிறகு பாதி பேசினாலே போதும் என்றது. அதற்கும் பிறகு பெருமூச்சு விட்டால் காபி போட்டுக் கொடுத்தது. பத்து மருமகள் வந்தாலும் இப்படி வராது என்று மாமியார்கள் மெச்சினார்கள். ஊரில் ஒருவரும் எதையும் முழுசாகச் சொல்வதில்லை என்று ஆயிற்று. அப்புறம் அது தனக்குத் தோன்றியதையும் செய்யத் தொடங்கியது. வேறு கம்பெனி சோப்பைப் போட்டால் துவைக்கும் இயந்திரம் துப்பியது. ‘உங்களுக்கு ஆகாது’ என்று ஃபிரிட்ஜ் நெய்யைப் பூட்டி வைத்துக்கொண்டது. அதையும் அக்கறை என்றே நம் ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வாங்கும்போது யாரும் படிக்காத பத்தியில் ஒன்று எழுதியிருந்தது. பெட்டிதான் உங்களுடையது, உள்ளே இருக்கும் அறிவு கம்பெனியுடையது. மாடல் பழசானால் அறிவைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தோலிருக்கச் சுளை விழுங்கும் வியாபாரம். ஃபிரிட்ஜிலிருந்து அறிவு போனபோது ஜனங்கள் முணுமுணுத்துவிட்டுப் புதுசு வாங்கினார்கள். மூச்சுத்துணையிலிருந்து போகப்போகிறது என்று அறிவிப்பு வந்தபோதுதான் கோர்ட்டுக்கு ஓடினார்கள்.

கோர்ட் ‘கைத்திறப்பு உரிமை’ கொடுத்தது. அறிவு போன பெட்டிக்குச் சொந்தக்காரர் தாமே கட்டளை எழுதிக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டார்கள். சொந்தக்காரர் கையாலேயே எழுத வேண்டும். வேறு விரல் பட்டால் பெட்டி ஏற்காது. எழுதியது தமக்குத் தெரியாது என்று பிற்பாடு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது அந்தப் பெட்டி தனக்குள் எழுதியிருப்பதை முழுக்க வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆவணி முதல் தேதியோடு பழைய அறிவு நின்றுவிடும். அதற்குள் இசக்கிமுத்து எழுதக் கற்றாக வேண்டும்.

கற்றார். ‘நேர்மொழி’ என்ற அந்தக் கணினி மொழியில் வார்த்தைகள் கொஞ்சம்தான். எனில், இல்லையேல், வரை, நிறுத்து. கம்பத்தில் ஏறுகிறவருக்கு ஒழுங்கு கைவந்த விஷயம். முதல் ஆறு பாடங்களில் வகுப்பிலேயே அவர்தான் முதல். ஆடி பிறப்பதற்குள் மூச்சை எண்ணவும், காற்றைத் தள்ளவும், சளி கட்டினால் வேகத்தைக் குறைக்கவும் எழுதிவிட்டார். செண்பகவல்லிக்கு அவர்மேல் தனி மதிப்பே வந்துவிட்டது.

ஏழாம் பாடம் ‘இல்லையேல்’. நினைத்தது நடக்காவிட்டால் என்ன செய்வது என்பது. அங்கே வகுப்பே நின்றது.

இசக்கிமுத்து எழுதும் திரைப்பலகையில் ஒரு வரி இருந்தது: ‘மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கு மேல் எனில் இதே அளவு காற்றுத் தா.’ அதற்குக் கீழே வெறுமை.

“அண்ணாச்சி, எட்டுக்கு மேல இருந்தா சரி. இல்லன்னா?”

“இருக்கும் டீச்சர்.”

“இல்லன்னா?”

“அப்படி ஏன் நினைக்கணும்? நல்லதையே எழுதுவோமே.”

செண்பகவல்லி மற்ற பலகைகளைப் பார்த்தாள். இருபத்தொன்றிலும் அதே வெறுமை. இருதயக் கோளாறுள்ள பிள்ளைக்கு எழுத வந்தவர், சர்க்கரைக்கார அம்மாவுக்கு எழுத வந்தவர், எல்லாரும் நல்லது நடந்தால் செய்ய வேண்டியதை மணி மணியாக எழுதியிருந்தார்கள். கெட்டதை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. போகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டு வருகிறேன் என்று சொல்கிற ஜனம் அல்லவா? இத்தனை காலம் அவர்கள் சொல்லாமல் விட்டதைக் குறிப்பறிவி சத்தம் போடாமல் செய்துவந்தது. அதனால், அப்படி ஒரு வேலை இருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று.

“கம்பத்துல ஃபியூஸ் எதுக்குப் போடுதீங்க?” என்றாள்.

“லைன்ல கோளாறு வந்தா...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். “அது லைன் டீச்சர். இது ஆவுடை.”

“முப்பது வருசமா மண்டையோடு போட்ட போர்டைத் தூக்கிக் கட்டுனவருக்கு ஒரு வரி எழுதப் பயமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “கம்பத்துலதான கட்டுனேன். வீட்டுலயா கட்டுனேன்?”

செண்பகவல்லிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றும் வந்தது. ஆவணி பிறக்க ஒன்பது நாள்தான் இருந்தது. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நான் சொல்லுதேன், நீங்க அடிங்க. உங்க விரல்தான் படணும். ‘இல்லையேல், ஆவுடையம்மாளின் மூச்சு நின்றுபோகிறது. காற்றை முழுதும் திற. மணி அடி. ஆம்புலன்ஸைக் கூப்பிடு.’”

“பேரைப் போடாம எழுதலாமா டீச்சர்? நின்னுபோகுதுங்கறதையும் வேற மாதிரி, கொஞ்சம் பதமா...”

“மிஷினுக்குப் பதம் இதம் கிடையாது. உள்ளத உள்ளபடி எழுதுங்க.”

அவர் அடித்தார். அடித்து முடித்ததும் பலகையைப் பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேர் இல்லாமலும் அதை எழுதலாம். நின்றுபோகிறது என்ற வார்த்தை இல்லாமலும் எழுதலாம். இயந்திரத்துக்கு எட்டு என்ற எண் போதும். செண்பகவல்லிக்கு அது தெரியும். தெரிந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. மூடி மறைத்துப் பேசிப் பேசித்தான் இந்த ஊர் கெட்டது என்று அவளுக்கு ஓர் ஆத்திரம். மற்ற இருபது பேரையும் அந்த வாரத்துக்குள் இதே மாதிரி எழுத வைத்தாள்.

ஆவணி முதல் தேதி காலையில் ஆவுடையம்மாள் தலைவாரிப் பொட்டு வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வீட்டுக்காரர் படித்து எழுதிய இயந்திரம் ஓடப்போகிறது என்று அவருக்குப் பெருமை. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. இசக்கிமுத்துவின் தங்கை சொர்ணம் விளக்கேற்றினாள். இசக்கிமுத்து பொத்தானை அழுத்தினார்.

பெட்டி சட்டப்படி படிக்கத் தொடங்கியது. கணீரென்ற குரல். சளியைப் பற்றிப் படித்தது, காற்றளவைப் பற்றிப் படித்தது. பிறகு, “இல்லையேல், ஆவுடையம்மாளின் மூச்சு நின்றுபோகிறது” என்றது.

சொர்ணம் கையிலிருந்த தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டாள். “ஐயோ! விளக்கு ஏத்துற நேரத்துல என்ன பேச்சு இது! அண்ணே, இதையா நாலு மாசம் படிச்சிட்டு வந்தீங்க?”

ஆவுடையம்மாள் சுவரைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டார். அன்று முழுதும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை பெட்டி மறுபடியும் படித்தது. மூன்றாம் நாள் அவர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்கேருங்க, கண்ணு முழிச்சதும் இதக் கேட்டுக் கேட்டு எனக்கு நெசமாவே மூச்சடைக்குது. தினமும் என்னைய ஒருதரம் சாகச் சொல்லுதாப்புல இருக்கு.”

அந்த வார்த்தையை எந்தப் புருஷன் தாங்குவான்? அவர் டீச்சரிடம் கேட்கவில்லை. கேட்டால் திட்டுவாள் என்று தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் அழித்தார். காற்று, மணி, ஆம்புலன்ஸ் எல்லாம் அந்த வரியிலேயே இருந்ததால் அவையும் அதோடு போயின. அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று, ‘ஆவுடை நல்லா இருப்பா’ என்று அடித்தார். இயந்திரம் அதை ஏற்றுக்கொண்டது. அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் மறுக்கவும் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் காலையில் பெட்டி, “இல்லையேல், ஆவுடை நல்லா இருப்பா” என்று கணீரென்று படித்தபோது ஆவுடையம்மாள் சிரித்தார். இரண்டு இட்லி சாப்பிட்டார்.

பதினோராம் நாள் மத்தியானம் இசக்கிமுத்து ரேஷன் கடைக்குப் போயிருந்தார். சொர்ணம் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாளின் மூச்சு ஏழானது, ஐந்தானது. பெட்டி மணி அடிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, காற்றைக் கூட்டவும் இல்லை. இசக்கிமுத்து அரிசிப் பையோடு உள்ளே வந்தபோது திரையில், ‘அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறேன்’ என்று எழுதியிருந்தது.

செண்பகவல்லி சாவு வீட்டுக்குப் போனாள். வாசலில் பந்தலுக்குக் கீழே இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தார். கேட்கக் கூடாத நேரம். ஆனாலும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அந்த வரி எங்க அண்ணாச்சி?”

“அழிச்சிட்டேன்.”

“ஏன்? ஏன் அழிச்சீங்க? அது இருந்திருந்தா மதினி...”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அழுது முடித்த கண்கள். அதில் குற்ற உணர்ச்சி இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இல்லை.

“அழிச்சது தப்பில்ல டீச்சர். எழுதுனதுதான் தப்பு. மூணு நாள் அந்தப் பெட்டி வாயால அவ பேரச் சொல்லி நின்னுபோகுது, நின்னுபோகுதுன்னு சொல்லிச்சே. வாயில வந்தது நடக்காம இருக்குமா? நான் வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன். நீங்கதான் பக்கத்துல உக்காந்து அடிக்க வச்சீங்க.” குரலை உயர்த்தவே இல்லை. “கோவிக்காதீங்க. நீங்க அதச் சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா அவ இருந்திருப்பா.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதில் ஏழு பேர் அவளுடைய மாணவர்கள். பேரைப் போடாமல் எழுதட்டுமா என்று அவர் கேட்டது செண்பகவல்லிக்கு ஞாபகம் வந்தது. அவர் சொல்வது மடமை என்று அவளுக்குத் தெரியும். தான் செய்ததும் ஒரு மடமை என்று இப்போது அதைவிட நன்றாகத் தெரிந்தது.

சேதி கேட்ட மீதி இருபது பேரும் அன்று வீட்டில் செய்த முதல் காரியம் தங்கள் ‘இல்லையேல்’ வரிகளை அழித்ததுதான்.

விசாரணை நடந்தது. அந்த உரிமையைக் கவனிக்கக் கோர்ட் அமைத்திருந்த கைத்திறப்பு ஆணையத்தில் படித்தவர்களும் இருந்தார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குப் புரிந்தது. ஆனால் ‘இல்லையேல்’ பாடத்தையே எடுத்துவிடச் சொன்ன மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் நாலாயிரம் பேர். முதல் கையெழுத்து இசக்கிமுத்துவுடையது. குறிப்பறிவிக் கம்பெனி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. அடுத்த மாடலுக்கு மட்டும் ஒரு விளம்பரம் போட்டது: ‘கெட்டதை நீங்கள் நினைக்கவே வேண்டாம்.’

ஐப்பசியில் ஆணையத்தின் புதுப் பாடநூல் வந்தது. தொடக்க நிலை மாணவர்களின் மனநலம் கருதி அதில் ஆறு பாடங்களே இருந்தன. அமங்கலக் கட்டளைகளைக் கற்பிக்கும் ஆசிரியரின் அனுமதி ரத்தாகும் என்று பின்னட்டையில் அச்சடித்திருந்தது. செண்பகவல்லி அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போனால் அந்த ஆறு பாடத்தையும் சொல்லித்தர ஊரில் ஆள் கிடையாது. அதனால் இருந்தாள்.

வகுப்பில் இப்போது உட்கார இடமில்லை. அறுபது பேர். எல்லாரும் உற்சாகமாக எழுதினார்கள். காய்ச்சல் குறைந்தால், சர்க்கரை சரியாக இருந்தால், இருதயம் நன்றாக அடித்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று பலகை பலகையாக எழுதினார்கள். ஆறாம் பாடம் முடிந்த அன்று, கைக்குழந்தையின் இருதயக் கருவிக்கு எழுத வந்திருந்த ஒரு இளம் தாய் முன்வரிசையிலிருந்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“அவ்வளவுதானா டீச்சர்? ரொம்பக் கஷ்டம்னு பயமுறுத்துனாங்க. லேசாத்தான் இருக்கு.”

“அவ்வளவுதாம்மா,” என்றாள் செண்பகவல்லி.