அக்கசாலைக் கட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, சித்திரை மாதம். செப்பு ஆணி வாங்க நானும் என் வீட்டுக்காரர் சவேரியாரும் எங்கள் தீவு ஊரான அக்காள்மடத்திலிருந்து ராமநாதபுரம் போயிருந்தோம். அவர் படகு கட்டும் ஓடாவி. அந்த இரண்டு கைகளும் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஆணி வர மதியமாகும் என்று கடைக்காரர் சொன்னதும், "ராசா காலத்துல காசு அடிச்ச அக்கசாலையாம், பாத்துட்டு வருவோம் புள்ள" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வேடிக்கை என்றால் மனுஷனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

வெளியே வெயில் கொளுத்தியது. அக்கசாலைக்குள் கண் தெரியாத இருட்டு. வௌவால் எச்சத்தின் வாடைக்கு அடியில் பச்சை ரத்தத்தின் வாடையும் அடித்தது. செம்புக்கு அந்த வாடை உண்டு என்றார் காவலாளி வேல்சாமி.

"செம்ப உருக்கி, பட்டையா ஊத்தி, வில்லை வில்லையா வெட்டுவாக. இந்தா, இந்தக் கட்டையில பதிச்சிருக்கே, இதுதான் அடி அச்சு. மேல் அச்சு சம்மட்டியிலயே இருக்கும். ஒருத்தன் வில்லைய வச்சுட்டு, கைய எடுத்துக் கட்டையில ரெண்டு தட்டுவான். சம்மட்டிக்காரன் ஓங்கிப் போடுவான்."

"தட்டுறது எதுக்கு?" என்றேன்.

"சம்மட்டிக்காரனுக்குக் கண்ணு தெரியாதுல்ல. உலைப்பொறி பட்டு அவிஞ்சுபோச்சு. ஒருநா, வில்லை வைக்கிறவன் ஒரு கைய எடுக்காம மறு கையால தட்டிட்டான். கை கூழாயிருச்சு. வேணும்னே அடிச்சான்னு, சம்மட்டிக்காரன் தலைய இதே கட்டையில வச்சு..."

வேல்சாமி சுவரைக் காட்டினார். சங்கிலியில் அந்தச் சம்மட்டி தொங்கியது.

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க, போவோம்."

அவர் காதில் விழவில்லை. "இம்புட்டு வருசமா உளுக்காம இருக்குமா?" என்று கட்டையையே பார்த்தார்.

மரத்தைக் கண்டால் ஓடாவி கை சும்மா இருக்காது. இடது உள்ளங்கையைப் பதித்து, வலது கை முட்டியால் தட்டி, அதிர்வை வைத்தே உள்ளே பூச்சி அரித்து உளுத்திருக்கிறதா என்று சொல்வார்கள். பாவி மனுஷன், யோசிக்கவே இல்லை. இடது கையை அந்த அச்சின் மேலேயே பதித்தார்.

தட்டினார்.

ஒன்று. இரண்டு.

யாரோ மூச்சை இழுத்து ஓங்கும் சத்தம்.

சங்கிலி அசையவே இல்லை.

என் முகத்தில் ரத்தம் தெறித்தது. அவர் அலறிக்கொண்டு சரிந்தார். விரல்கள் கட்டையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. வேல்சாமி ஓடியே போய்விட்டார். நான்தான் பிய்த்து எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு கையை எடுத்தார்கள். "ஒத்தக் கையோட ஓடாவி உண்டா ஜோதி?" என்று அழுதார். உயிர் இருந்தால் போதும், நான் கூடை சுமந்தாவது சோறு போடுகிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல். நெஞ்சில் சளியா என்று பார்க்க வந்த டாக்டர், தன் இடது கையை அவர் நெஞ்சில் பதித்து, வலது கை விரலை மடக்கினார்.

"தட்டாதீக சார்!"

டாக்டர் சிரித்தார்.

தட்டினார்.

விலா எலும்புகள் நொறுங்கிய சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. டாக்டரின் கையும் அதோடு போயிற்று. என் சவேரியார் வாய் நிறைய ரத்தத்தோடு, என்னைப் பார்த்தபடியே செத்தார்.

சவப்பெட்டிக்கு ஆணி அடிக்க நான் விடவில்லை. கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். புருஷன் போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். குழியில் இறக்கி, சாமியார் செபம் முடித்ததும், என் அண்ணன் சிலுவைமுத்து முதல் பிடி மண்ணை அள்ளிப் போட்டான். எங்கள் தீவு மண்ணில் பவளக்கல் கலந்திருக்கும்.

மூடியின் மேல் இரண்டு கல் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவதுபோல் விழுந்தது.

மறு நொடியே மூடி நடுவில் குழிந்து நொறுங்கியது.

குழியைச் சுற்றி நின்ற யாரும் அடுத்த பிடி மண்ணை எடுக்கவில்லை.